இயற்கையை மீட்கப் பூமியின் பழங்காலம் என்ன சொல்லித் தருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழிந்த காட்டையோ வற்றிய சதுப்பையோ மீட்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பது, அறுபது ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். தாத்தா பார்த்த காடு, பழைய புகைப்படத்தில் ஓடும் ஆறு, அவ்வளவுதான். அதற்கும் அப்பால் ஆயிரம், லட்சம், கோடி ஆண்டு தள்ளிப் போனால் நம் வேலைக்கு உதவும் விஷயம் ஏதாவது கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். நிறையவே கிடைக்கும். அப்படி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கோடி ஆண்டு பழைய கதைக்கும் இன்று ஓர் ஓடையைச் சீரமைப்பதற்கும் என்ன தொடர்பு?

ஓர் ஓடையின் கதையையே சொல்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிக் ஸ்பிரிங் ரன் என்று ஒரு சிற்றோடை இருக்கிறது. செங்குத்தான மண் கரைகளுக்கு நடுவே, ஒற்றை வாய்க்காலாக வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதி ஓடைகள் எல்லாமே கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. அதனால் அதுதான் ஓடையின் இயல்பான வடிவம் என்று எல்லோரும் நம்பினார்கள். கரை இடிந்தால் கல் அடுக்கிக் காப்பாற்றுவதைத்தான் 'மீட்பு' என்று சொல்லிவந்தார்கள்.

2008இல் ராபர்ட் வால்ட்டர், டோரதி மெரிட்ஸ் என்ற இரு புவியியலாளர்கள் அந்தக் கரை மண்ணை வெட்டிப் பார்த்து எழுதிய ஆய்வு வெளியானது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை அங்கே நீரின் விசையால் ஆலை ஓட்ட ஆயிரக்கணக்கில் அணைகள் கட்டியிருந்தார்கள். ஒவ்வோர் அணைக்குப் பின்னாலும் வண்டல் தேங்கியது. அணைகள் உடைந்தபோது ஓடை அந்த வண்டலை அறுத்துக்கொண்டு ஆழமாக இறங்கியது. 'இயற்கையான கரை' என்று நினைத்தது மனிதர் கட்டிய அணையின் மிச்சம்! அந்த வண்டலுக்கு அடியில் மெல்லிய கறுப்பு மண் அடுக்கு ஒன்று இருந்தது. அதில் கோரை இனச் செடிகளின் விதைகள் கிடைத்தன. ஆக, பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த இடம் ஈரப் புல்வெளியாகவும், அதனூடே சின்னச் சின்னக் கிளைகளாகப் பரவி ஓடும் நீராகவும் இருந்திருக்கிறது.

2011இல் பிக் ஸ்பிரிங் ரன்னில் அந்த வண்டலை அள்ளி எடுத்து, கறுப்பு மண் மட்டம் வரை இறக்கினார்கள். நீர் கிளை பிரிந்து பரவியது. சதுப்புச் செடிகள் வந்தன. மண்ணைக் கேட்காமல் விட்டிருந்தால் இன்னும் கல்தான் அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

எழுத்தே இல்லாத காலத்தில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் சேற்றிலிருந்து. ஏரியின் அடியில் ஆண்டுதோறும் ஒரு மெல்லிய படலம் படிகிறது. சுற்றியிருக்கும் மரம் செடிகளின் மகரந்தம் அதில் விழுகிறது. மகரந்தத் துகளின் வெளி ஓடு மிகக் கெட்டியானது. காற்று புகாத சேற்றில் லட்சக்கணக்கான ஆண்டுகள்கூடச் சிதையாமல் கிடக்கும். எந்த வகைச் செடியின் மகரந்தம் என்பதை நுண்ணோக்கியில் அதன் வடிவத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஸ்வீடனைச் சேர்ந்த லென்னார்ட் வான் போஸ்ட் 1916இல் அடுக்கு வாரியாக மகரந்தத்தை எண்ணி, காடு மாறிய கதையை வரைபடமாகக் காட்டினார். அன்றிலிருந்து இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

மகரந்தத்தோடு கரித்துகளும் கிடைக்கும், அது தீ வந்த காலத்தைச் சொல்லும். சாணத்தில் மட்டுமே வளரும் ஸ்போரோர்மியெல்லா என்ற பூஞ்சையின் வித்துகள் நிறைய இருந்தால், அந்தக் காலத்தில் அங்கே பெரிய மேய்ச்சல் விலங்குகள் இருந்தன என்று பொருள். சிப்பி ஓடு, மீன் பல், வண்டின் சிறகு மூடி என எல்லாமே சாட்சிகள்தான். கார்பன் கொண்டு காலம் கணிக்கும் முறை சுமார் 50,000 ஆண்டு வரை உதவும்.

இப்போது சேற்றிலிருந்தே டிஎன்ஏ எடுக்கிறார்கள். 2022இல் வடக்கு கிரீன்லாந்தின் படிவிலிருந்து 20 லட்சம் ஆண்டு பழைய டிஎன்ஏ கிடைத்த செய்தி வந்தது. இன்று குளிர்ப் பாலைவனமாக இருக்கும் அந்த இடத்தில் பாப்லர், பிர்ச் மரங்களும், யானையின் உறவான மாஸ்டடானும் இருந்திருக்கின்றன. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

'பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்' என்கிறார்கள். எந்த ஆண்டின் நிலை?

இந்தத் துறையில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995இல் இதை அழகாக எடுத்துச் சொன்னார்: ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் பார்த்ததையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. அப்பா பார்த்தது பாதி, மகன் பார்ப்பது அதிலும் பாதி, ஆனால் இருவருக்குமே 'நான் சின்ன வயதில் பார்த்ததுதான் அளவு'. இப்படியே அளவுகோல் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டு போகிறது.

சரி, ரொம்பப் பின்னால் போய் ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் முடியாது. 21,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் பெரும்பகுதியையும் ஐரோப்பாவின் வடபகுதியையும் பனிப்பாளம் மூடியிருந்தது, கடல்மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. 7,000 ஆண்டுகளுக்கு முன் சஹாராவில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன, நீர்யானைகள் திரிந்தன. இதில் எந்த ஆண்டை 'சரியான ஆண்டு' என்பீர்கள்?

ஆகவே ஓர் ஆண்டைத் தேடாமல் ஓர் ஏற்ற இறக்கத்தைத் தேடுங்கள். இந்த இடத்தில் நீர்மட்டம் எதிலிருந்து எதுவரை மாறியிருக்கிறது, தீ எத்தனை ஆண்டுக்கொரு முறை வந்திருக்கிறது, மரமும் புல்லும் எந்த அளவில் கலந்திருந்தன? அந்த எல்லைக்குள் இன்றைய நிலை இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்பதைப் பழைய சேறு தெளிவாகச் சொல்லும்.

அன்று ஒன்றாக இருந்த மரங்களை அப்படியே திரும்ப நட்டால் பழைய காடு வந்துவிடாதா?

வராது. காடு என்பது எப்போதும் சேர்ந்தே பயணம் செய்யும் குடும்பம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். மார்கரெட் டேவிஸ் போன்ற ஆய்வாளர்கள் மகரந்தத்தை வைத்து வரைந்த வரைபடங்கள் வேறு கதையைச் சொல்லின. பனியுகம் முடிந்தபோது ஒவ்வொரு மர வகையும் தன் வேகத்தில், தன் பாதையில் வடக்கே நகர்ந்திருக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சுமார் 17,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முன்வரை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரமும், ஆஷ், ஹார்ன்பீம் என்ற அகன்ற இலை மரங்களும் கலந்த காடுகள் இருந்தன. இன்று அந்தச் சேர்க்கை உலகில் எங்கும் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: நடும் பட்டியலைப் புனிதமாக நினைக்க வேண்டாம். ஒரே இடத்து விதையை மட்டும் நம்பாமல், கொஞ்சம் வெப்பமான பகுதியில் வளரும் அதே இனத்தின் விதையையும் சேர்த்துக் கொண்டுவருவது நல்லது. நாம் நடும் கன்று மரமாகும்போது அதன் தலைக்கு மேல் இருக்கப்போவது இன்றைய வானிலை இல்லையே.

ஒரு விலங்கு இப்போது வாழும் இடம்தானே அதற்குப் பிடித்த இடம்?

அவசியமில்லை, அது கடைசியாக ஒளிந்துகொண்ட இடமாக இருக்கலாம். ஐரோப்பிய பைசன் என்ற காட்டு மாடு முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் காட்டில் முற்றிலும் அழிந்தது, காகசஸ் மலையில் கடைசி விலங்கு 1927இல் கொல்லப்பட்டது. மிருகக்காட்சி சாலைகளில் மிஞ்சியவற்றில் 12 விலங்குகளின் வாரிசுகள்தான் இன்றிருக்கும் அத்தனையும். கடைசியாக அது அடர்ந்த காட்டில் இருந்ததால், காட்டு விலங்கு என்று முடிவுகட்டிக் காட்டிலேயே விட்டு, குளிர்காலத்தில் வைக்கோலும் போட்டு வளர்த்தார்கள். ஆனால் அதன் பழைய எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அது திறந்த வெளிகளிலும் மேய்ந்த விலங்கு என்று காட்டினார்கள். மனிதர்கள் சமவெளியை எடுத்துக்கொண்டதால் காட்டுக்குள் ஒதுங்கியிருக்கிறது.

இதையே மகிழ்ச்சியாகச் சொல்ல இன்னொரு கதை உண்டு. லேசன் வாத்து ஹவாய்த் தீவுகளின் கடைக்கோடியில், லேசன் என்ற ஒரே ஒரு சிறு தீவில் மட்டும் வாழ்ந்தது. அந்தத் தீவுக்கே உரிய பறவை என்றுதான் எண்ணினார்கள். பெரிய தீவுகளின் குகைகளில் கிடைத்த எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது, ஹவாய் முழுக்க அது வாழ்ந்தது தெரிந்தது. அந்தத் துணிவில் 2004, 2005இல் 42 பறவைகளை அதே தீவு வரிசையில் உள்ள மிட்வே தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சில ஆண்டுகளில் அவை நூற்றுக்கணக்கில் பெருகின. பழைய எலும்பு இல்லாவிட்டால் யாரும் இதற்கு அனுமதி கொடுத்திருக்கமாட்டார்கள்.

எது உள்ளூர்ச் செடி, எது வெளியிலிருந்து வந்தது என்று சேறு சொல்லுமா?

சொல்லும். கலாபகோஸ் தீவுகளில் சில செடிகளை மனிதர் கொண்டுவந்த அந்நியச் செடிகள் என்று கருதினார்கள், செம்பருத்தி இனத்தில் ஒன்றை ஒழிக்கும் வேலையே நடந்தது. 2008இல் வெளியான ஆய்வில், மேட்டு நிலச் சதுப்புகளின் படிவில் அவற்றில் ஆறு வகைகளின் மகரந்தமும் விதைகளும் கிடைத்தன. மனிதர் அந்தத் தீவுகளில் கால் வைப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு முன்பே அவை அங்கே இருந்திருக்கின்றன. பிடுங்குவதற்கு முன் பார்த்துவிடுவது எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, காலியிடத்தில் எல்லாம் மரம் நட்டால் போதாதா?

'காலியிடம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பதற்றமாக இருக்கிறது. பல புல்வெளிகள் வெட்டப்பட்ட காட்டின் மிச்சம் இல்லை, அவை காட்டுக்கு நிகரான பழமை கொண்டவை. வெப்பமண்டலப் புற்கள் சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து உலகின் பல பகுதிகளில் பெருமளவில் பரவின. அவற்றோடு தீயும் மேய்ச்சல் விலங்குகளும் சேர்ந்தே வளர்ந்தன. பிரேசிலின் செராடோ புல்வெளியில் பல செடிகள் மண்ணுக்கு மேலே முழங்கால் உயரமே இருக்கும், மண்ணுக்கு அடியிலோ பெரிய மரம் போன்ற கட்டைக் கிழங்கு பரந்து கிடக்கும். தீ வந்தால் மேல்பகுதி போகும், சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும். அங்கே மரத்தோப்பு போட்டால் நிழலில் அவை செத்துப்போகும். ஒரு முறை போனால் திரும்பி வர நூற்றாண்டுகள் ஆகும்.

ஆகவே மரம் நடும் முன் அந்த இடத்தின் மகரந்தக் கதையைப் பாருங்கள். புல் மகரந்தமும் கரித்துகளும் பல்லாயிரம் ஆண்டாகத் தொடர்ந்து வந்தால், அது புல்வெளிதான். அதற்குத் தேவை ஒழுங்கான மேய்ச்சலும், அளவான தீயும், வெளியிலிருந்து வந்த களைகளை அகற்றுவதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் எரிக்கும் நிலக்கரியில் பெரும்பங்கு சுமார் 36 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வளர்ந்த சதுப்புக் காடுகளிலிருந்து வந்தது. மண்ணுக்குள் புதைந்ததால்தான் அந்தக் கார்பன் இத்தனை காலம் காற்றுக்கு வராமல் இருந்தது. இன்று நடும் மரம் கார்பனைச் சில பத்தாண்டுகளோ சில நூற்றாண்டுகளோ வைத்திருக்கும், பிறகு அழுகும் அல்லது எரியும். மரம் நடுவது பல காரணங்களுக்காக நல்லது. ஆனால் எரித்த நிலக்கரிக்கு அது ஈடு என்று யாராவது கணக்குக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெரிய விலங்குகள் போனதால் காட்டில் உண்மையிலேயே என்ன மாறியது?

மிக அதிகமாக மாறியது. கடந்த 50,000 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் பெரும்பாலான பெரிய விலங்குகள் மறைந்துபோயின. அதன் பிறகு நடந்ததைச் சாணப் பூஞ்சை நமக்குச் சொல்கிறது.

அமெரிக்காவின் இண்டியானாவில் ஆப்பிள்மேன் ஏரி என்று ஒன்று உண்டு. 2009இல் வெளியான ஆய்வில், அந்த ஏரிச் சேற்றில் சாணப் பூஞ்சை வித்துகள் சுமார் 14,800 ஆண்டுகளுக்கு முன்பிருந்து குறையத் தொடங்குவது தெரிந்தது. அதற்கு அடுத்த அடுக்குகளில்தான், முன்பு சொன்ன விசித்திரக் கலப்புக் காடு வருகிறது, கரித்துகளும் கூடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லிஞ்ச் எரிமலைவாய்ப் படிவிலும் சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் இதே வரிசைதான்: முதலில் விலங்கு குறைகிறது, பிறகு தீ கூடுகிறது, பிறகு மழைக்காட்டு மரங்கள் பின்வாங்குகின்றன. தின்ன ஆளில்லாத புல்லும் இலையும் விறகாகிவிட்டன. மேய்ந்தவர்கள் தீயணைப்பு வேலையையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள்.

விதை பரப்புவதும் அவர்கள் வேலைதான். மத்திய, தென் அமெரிக்காவில் பெரிய கொட்டையோடு கூடிய பழங்கள் பல, அவற்றை முழுசாக விழுங்கக்கூடிய விலங்கே இல்லாமல் மரத்தடியில் அழுகுகின்றன. இந்தப் பழங்கள் மறைந்துபோன பெரிய விலங்குகளுக்காக உருவானவை என்று டேனியல் ஜான்சன், பால் மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் வாதிட்டார்கள்.

இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு மொரிஷியஸ் அருகே இருக்கிறது. மொரிஷியஸின் ராட்சத ஆமைகள் அழிந்துபோயின. அவை தின்று விதை பரப்பிய கருங்காலி இன மரம் ஒன்று, எக்ரெத் தீவு எனப்படும் குட்டித் தீவில் பழுத்துப் பழுத்துத் தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்துகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கி, தூரத்து உறவான அல்டாப்ரா ராட்சத ஆமைகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆமைகள் பழத்தைத் தின்றன. அவற்றின் வயிற்றைக் கடந்துவந்த விதைகள் நன்றாக முளைத்தன, தாய்மரத்திலிருந்து விலகிப் புது இடங்களில் கன்றுகள் தென்பட்டன. ஆமை மெதுவாக நடக்கும், வேலி தாண்டாது, பிரச்சினை வந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். முதல் முயற்சிக்கு இதைவிடப் பாதுகாப்பான விலங்கு எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அழிந்துபோன பனியுக யானையான மாமூத்தை உயிர்ப்பிப்பது நல்ல யோசனையா?

இருக்கும் யானையைக் காப்பாற்றிய பிறகு அதைப் பற்றிப் பேசலாம். அழிந்தவர் செய்த வேலையைச் செய்ய இன்று உயிரோடு இருக்கும் உறவினர் பெரும்பாலும் போதும், மேலே சொன்ன ஆமையைப் போல.

கடலுக்கும் இப்படிப் பழைய பதிவுகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, அவை கொஞ்சம் வலிக்கும். பனாமாவின் கரீபியக் கரையில், ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய பவளத்திட்டின் படிவிலிருந்து சுறாத்தோலின் நுண்செதில்களைப் பிரித்து எண்ணினார்கள். மணல் துகள் அளவில்தான் இருக்கும். அன்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டால் சுறாக்கள் சுமார் 70 சதவீதம் குறைந்திருக்கின்றன. அதே கடலில் இன்னொரு குழு கிளிமீன் பற்களை எண்ணியது. 3,000 ஆண்டுப் பதிவில், கிளிமீன் அதிகமாக இருந்த காலங்களில் பவளம் வேகமாக வளர்ந்திருக்கிறது, குறைந்த காலங்களில் மெதுவாக. பாசியைக் கிளிமீன் சுரண்டித் தின்பதால்தான் பவளக் குஞ்சுகளுக்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. பவளத் துண்டுகளை வளர்த்து நடும் திட்டங்கள் நிறைய வருகின்றன. கிளிமீனைப் பிடித்துக்கொண்டே பவளத்தை நடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

கொலராடோ ஆறு கடலில் சேரும் இடத்தில் சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றை எண்ணிக் காலம் கணித்த ஆய்வாளர்கள் குறைந்தது இரண்டு லட்சம் கோடி ஓடுகள் இருக்கும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஆற்றில் அணைகள் வந்து நன்னீர் நின்ற பிறகு உயிருள்ள சிப்பி அதில் மிகச் சிறு பங்காகிவிட்டது. எவ்வளவு நன்னீர் வந்தால் அந்தச் சிப்பி வளரும் என்பதையும் பழைய ஓடுகளின் வேதியியலே சொல்கிறது. 2014 மார்ச்சில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஒப்புக்கொண்டு சுமார் 13 கோடி கன மீட்டர் நீரை அந்தக் கழிமுகத்துக்குத் திறந்துவிட்டன. வறண்ட படுகையில் ஆறு மறுபடி ஓடியது, சில நாட்களுக்குக் கடலையும் தொட்டது. ஆற்றோர மரங்கள் முளைத்தன.

கடல்மட்டம் உயர்ந்தால் அலையாத்திக் காடுகள் தாக்குப்பிடிக்குமா?

ஓரளவுக்கு. கடந்த 10,000 ஆண்டுப் படிவுகளை உலகின் பல கடற்கரைகளில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். கடல் ஆண்டுக்கு 6 அல்லது 7 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்த காலங்களில் அலையாத்தி நின்ற இடத்திலேயே மண்ணைச் சேர்த்து உயர முடியவில்லை, கரைப்பக்கம் நகர்ந்துதான் பிழைத்திருக்கிறது. இன்று கடல் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டருக்கு அருகில் உயர்ந்துகொண்டிருக்கிறது, வேகமும் கூடுகிறது. ஆகவே கடல் பக்கம் கன்று நடுவதைவிட, கரைப்பக்கம் சுவரும் சாலையும் கட்டாமல் இடம் விட்டுவைப்பது முக்கியம்.

பூமி முன்பும் சூடாகியிருக்கிறதே, உயிர்கள் சமாளித்தனவே?

சமாளித்தன. எப்படி என்று பார்ப்போம். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கார்பன் காற்றில் கலந்து, உலகம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானது. அந்த வெப்பம் தணிய ஏறக்குறைய 2 லட்சம் ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் வயோமிங்கில் பிக்ஹார்ன் படுகையில் அந்தக் காலத்து இலைகள் பாறையில் பதிந்திருக்கின்றன. முன்பு இருந்த மரங்கள் மறைந்து, தெற்கிலிருந்து அவரை இனச் செடிகள் வருகின்றன. வெப்பம் தணிந்ததும் பழைய மரங்கள் பல திரும்பி வருகின்றன. இலைகளில் பூச்சி கடித்த ஓட்டைகள் கூடுகின்றன. ஆரம்பகாலக் குதிரை ஒன்று மூன்றில் ஒரு பங்கு சிறுத்துப் பூனை அளவுக்கு வந்தது.

ஆழ்கடலில் நுண்ணுயிர்கள் பல அழிந்தன, ஆனால் நிலத்தில் பேரழிவு நடக்கவில்லை. செடிகளும் விலங்குகளும் இடம்பெயர்ந்து தப்பித்தன. அவற்றின் வழியில் நெடுஞ்சாலை இல்லை, வேலி இல்லை, நூறு கிலோமீட்டருக்கு விரியும் ஒற்றைப்பயிர் வயல் இல்லை. கார்பன் கலந்த வேகமும் இன்றைய வேகத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

தப்பித்தவர்கள் நடந்து தப்பித்தார்கள். இன்று தனித்தனித் தீவுகளாகக் கிடக்கும் காட்டுத் துண்டுகளுக்கு நடுவே பாதை போடுவதை, குறிப்பாகத் தாழ்நிலத்திலிருந்து மேட்டுக்கும், வெப்பமான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கும் போகும் பாதையை, எல்லா வேலைகளிலும் முதலில் வைப்பேன்.

பேரழிவுக்குப் பிறகும் உயிர் மீண்டதே? விட்டால் தானாகச் சரியாகிவிடாதா?

மீண்டது உண்மை. மீள எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைகள் கொட்டியபோது கடல் இனங்களில் 80 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. அடுத்த சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்குப் பாறையில் நிலக்கரியே இல்லை, நிலக்கரி உருவாக்கும் சதுப்புக் காடுகள் அவ்வளவு காலம் திரும்பவில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது இன்றைய கொலம்பியாவின் காடுகளில் தாவர இனங்களில் சுமார் 45 சதவீதம் போயின. பழைய எண்ணிக்கைக்கு வர 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. வந்ததும் பழைய காடு இல்லை. முன்பு வெளிச்சம் விழும் இடைவெளிகளோடு ஊசியிலை மரங்களும் பெரணிகளும் நிறைந்திருந்த இடத்தில், பூக்கும் மரங்கள் அடர்ந்து மூடிய புதுக்காடு வந்தது. இன்றைய மழைக்காடுகளின் தொடக்கம் அதுதான்.

இதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. இரண்டு அழிவுகளுக்குப் பிறகும் முதலில் வந்தவர்கள் மிகச் சிலர், ஆனால் எங்கும் அவர்களே. விண்கல்லுக்குப் பிறகு பெரணி வித்துகளால் அடுக்கு நிரம்பி வழிகிறது. சைபீரிய அழிவுக்குப் பிறகு லிஸ்ட்ரோசாரஸ் என்ற பன்றி அளவு விலங்கின் எலும்புகள் தென்னாப்பிரிக்கா, இந்தியா, அண்டார்டிகா எங்கும் கிடைக்கின்றன. பச்சையாகிவிட்டது, விலங்கும் ஓடுகிறது, ஆனால் அது மீட்பு இல்லை, காயத்தின் மேல் வந்த பொருக்கு. மூன்றாண்டில் 'பச்சைப் பரப்பு கூடிவிட்டது' என்று அறிக்கை வந்தால், எத்தனை இனங்களால் கூடியது என்று கேளுங்கள்.

நாம் செய்யும் வேலையில் பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?

வெப்பமண்டலக் காடுகளின் பழைய மகரந்தப் பதிவுகளைத் திரட்டி 2014இல் வந்த ஆய்வு, பெரிய சேதத்துக்குப் பிறகு காடு மீளச் சராசரியாகச் சுமார் 500 ஆண்டுகள் ஆயின என்கிறது. அடிக்கடி புயலைச் சந்தித்துப் பழகிய காடுகள் சீக்கிரம் மீண்டன.

பீட் எனப்படும் மட்கிய சதுப்பு மண் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் சேரும், அதாவது ஒரு மீட்டருக்கு ஆயிரம் ஆண்டு. வாய்க்கால் வெட்டி உலர்த்தினால் ஒரே ஆண்டில் அதில் பத்தாண்டுச் சேமிப்போ அதற்கு மேலோ போய்விடும். உலக நிலப்பரப்பில் 3 சதவீதமே உள்ள இந்த மண்ணில், எல்லாக் காடுகளின் மரங்களிலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் இருக்கிறது. ஆகவே இருக்கும் பழைய சதுப்பைக் காப்பதும், வெட்டிய வாய்க்காலை அடைத்து மறுபடி நனைப்பதும், புதிதாக எதையும் உருவாக்குவதைவிட முதலில் வர வேண்டும்.

மனிதர் கைபடாத இயற்கைதான் நல்ல இயற்கையா?

பழைய மண் அப்படிச் சொல்லவில்லை. 'கன்னிக் காடு' என்று பேர்பெற்ற அமேசானில், பூர்வகுடி மக்கள் கரியும் எலும்பும் சமையல் கழிவும் சேர்த்து உருவாக்கிய வளமான கறுப்பு மண் பல இடங்களில் கிடைக்கிறது. கனடாவின் மேற்குக் கரையில் பூர்வகுடிகள் தாழ்நீர்க் கோட்டில் கல்சுவர் கட்டி, பின்னால் மணல் சேரவிட்டு, சிப்பித் தோட்டம் அமைத்தார்கள். சில 3,500 ஆண்டுக்கும் பழையவை. சுவர் இருக்கும் கரையில் சிப்பி அதிகமாகவும் வேகமாகவும் வளர்கிறது, இன்றும். இப்போது அந்தச் சுவர்களைத் திரும்பக் கட்டுகிறார்கள். அந்த நிலத்து மக்களை வெளியேற்றிவிட்டுச் செய்யும் மீட்பில், நிலத்துக்குப் பழகிப்போன ஒரு கையை வெட்டிவிடுகிறோம்.

ஆய்வகம் இல்லாத சிறு குழு இதையெல்லாம் எப்படிச் செய்வது?

மண்வெட்டியிலிருந்து தொடங்கலாம். நிலத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். சுவரில் அடுக்குகள் தெரியும். சாம்பல் நிற மண்ணில் துருப் புள்ளிகள் இருந்தால் அங்கே நீர் நின்று வற்றிக்கொண்டிருந்தது. கறுப்பு அடுக்கு தெரிந்தால் அது பழைய தரைமட்டமாக இருக்கலாம். நத்தை ஓடு, கரித்துண்டு, விதை எது கிடைத்தாலும் எந்த ஆழத்தில் என்று குறித்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட்டுக் குழியை மூடிவிடுங்கள். பழைய நில அளவை வரைபடங்களையும், வயதானவர்கள் சொல்லும் இடப்பெயர்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நீர் இருந்த இடம் என்று தெரிந்தால், முதலில் நீரை மட்டும் திரும்பக் கொண்டுவந்து ஓராண்டு எதுவும் நடாமல் காத்திருங்கள். மண்ணில் தூங்கும் விதைகள் முளைத்து வந்தால் நாற்றுக்குச் செலவே மிச்சம்.

அப்புறம், ஏரியைத் தூர் வாரப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். இயந்திரம் இறங்குவதற்கு முன், ஏரியின் ஆழமான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் நேராக இறக்கி, மேல்வாயை அடைத்து, கலையாமல் வெளியே எடுங்கள். எது மேல், எது கீழ் என்று குறித்து, இரு முனையையும் மூடி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். அருகில் உள்ள கல்லூரியின் தாவரவியல் துறையையோ புவியியல் துறையையோ கேட்டால் மகரந்தம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவரைக் காட்டுவார்கள். அவர் கிடைக்க ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை, குழாய்க்குள் சேறு காத்திருக்கும். லாரியில் ஏறிப்போன சேற்றை மட்டும் திரும்ப அடுக்க முடியாது.